கைவினையும் மனநிறைவும்

படைப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன், முன்பு எவரும் செய்யாத ஒன்றைச் செய்வதே படைப்பு என்று கருதுவோர் பலர். புதுமை ஒன்றே கலையின் உயிர் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்று ஆராயப் பெருநூல்களைத் தேட வேண்டுவதில்லை. மாத்தளை மாவட்டத்தின் பல்லேஹபுவிட என்னும் சிற்றூரில், அரக்கு வேலை செய்வோரின் அருகே சிறிது பொழுது அமர்ந்திருந்தாலே போதும்.

அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசினாகும். அதனைத் தூய்மை செய்து, கரிநெருப்பில் இளக்கி, அடித்தும் இழுத்தும் பதமாக்கி, நிறப்பொடி சேர்ப்பர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கருமை என்பன வழிவழி வந்த நிறங்கள். இலங்கையில் இத்தொழில் இருவகைப்படும். கடைசற் பட்டறையிற் சுழலும் மரத்தின்மேல் அரக்கை அழுத்திப் பூசுதல் ஒருவகை. மற்றையது மாத்தளைக்குச் சிறப்பாக உரிய நகவேலை. ‘நியபொத்து வெட’ என்று சிங்களத்தில் இதனை வழங்குவர்.

நகவேலைக்குத் தூரிகை இல்லை; பட்டறையும் இல்லை. இளகிய அரக்கை நூல்போல் நீட்டி, நிறம் பூசிய மரக்கோலின்மீது பதித்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் துணிப்பர். பின்னர் மெல்லச் சூடு காட்டித் தாளிப்பனை ஓலைத் துண்டினால் தேய்க்க, மேற்பரப்பு வழவழப்பாகி ஒளிரும். கொடிக்கம்பு, ஆலவட்டக் காம்பு, கைத்தடி, சிமிழ், ஏட்டுச்சுவடியின் பலகை ஆகியன இவ்வாறு அழகு பெற்றன. அரக்கு நூல் விரைவில் இறுகிவிடும். ஆதலால், தயங்கி நிற்கும் கைக்கு அங்கே இடமில்லை. பல்லாண்டுப் பயிற்சியே அக்கைக்குத் துணிவைத் தருகின்றது.

அக்கைத்தடியில் படரும் கொடியும், விரியும் தாமரை இதழும், பின்னிய சங்கிலியும் பாட்டன் காலத்து உருவங்களே. ஆயின், இதனைப் படைப்பு என்னலாமோ? தாராளமாக என்னலாம். தமிழர் இல்லத்து முற்றத்துக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளிக்கணக்கு தாயிடமிருந்து வந்தது. இழையின் ஓட்டமோ மகளுடையது. இருவர் இட்ட ஒரே கோலம் இரு முகங்கொண்டு விளங்குவதைக் காண்கின்றோம். மரபு கைக்கு விலங்கன்று, கொழுகொம்பு போன்றது. கொம்பைப் பற்றினாலும், தளிர் தன் உயிராற்றலாலேயே மேலேறுகின்றது. உயிரற்ற நகலெடுப்பும், வேரற்ற புதுமையும் ஒருங்கே வாடிப்போவன.

இவ்வுண்மையை உலகறியச் செய்தவர் தமிழ்க்குடியிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகிய அவர் 1877இல் கொழும்பிற் பிறந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணியின் தலைவராக விளங்கினார். பாறைகளை ஆராய ஊரூராய்ச் சென்றவரின் உள்ளத்தைக் கம்மியரும் நெசவாளரும் அரக்கு வினைஞரும் கவர்ந்தனர். அதன் பயனாக, கண்டி நாட்டுக் கலைகளை விளக்கும் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 1908இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மொரிஸ் முன்னர் பயன்படுத்திய கையச்சுப் பொறியில், தம் நேர்ப்பார்வையில் 425 படிகளே அவர் அச்சிடுவித்தார். கைவினையைப் போற்றியவர், தம் நூலையும் கைவினையாகவே ஆக்கினார் என்பது நோக்கத்தக்கது.

ஒரு பொருளை முதலிலிருந்து முடிவுவரை தானே ஆக்குபவனுக்கு அப்பொருளின் தேவை தெரியும், பிழை தெரியும், நிறைவும் தெரியும். மனநிறைவு என்பது இங்கே பிறக்கின்றது. பாராட்டு பின்னர் வரலாம், வராமலும் போகலாம்.

எனினும், வயிறு நிறையாதவனுக்கு மனநிறைவைப் போதித்தல் அறமன்று. பிளாஸ்திக்குப் பொருள்கள் மலிந்த சந்தையில், ஒரு நாள் உழைப்பையும் சில நிமிடங்களில் வார்த்த பொருளையும் ஒரே விலையில் ஒப்பிட்டுப் பேரம் பேசுகின்றோம். அப்போது வினைஞனின் மகன் வேறு தொழிலை நாடுவதிற் குற்றம் என்ன? நகவேலை நிலைபெற வேண்டுமாயின், வாங்குவோர் அரக்கின் எடைக்கு மட்டுமன்றிக் காலத்துக்கும் விலை கொடுக்கப் பழக வேண்டும்.

இனி, வளரும் பிள்ளைகளைப் பற்றிச் சிறிது கருதுவோம். பிள்ளை களிமண்ணில் யானை செய்கின்றது. துதிக்கை கோணலாயிருக்கின்றது. பெரியவர் ஒருவர் விரைந்து வந்து அதனைத் திருத்திவிடுகின்றார். யானை நேராயிற்று, ஆனால் அது இப்போது பெரியவரின் யானை. கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தாலும், அப்பரிசால் பிள்ளையின் உள்ளம் நிறைவதில்லை. அடுத்த முறை அது மண்ணைத் தொடுமுன் பெரியவரின் முகத்தையே பார்க்கும். தன் கண்ணை நம்பாத கை எவ்வாறு படைக்கும்?

ஆகவே, பிள்ளைகளுக்கு வேண்டுவன மூன்று: கையாள்வதற்கு மண், மரம், ஓலை, நூல் போன்ற உண்மைப் பொருள்கள், பிழை செய்து திருந்துவதற்கு அவகாசம், தொழிலறிந்த ஒருவரின் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு. “எத்தனை பரிசு பெற்றாய்?” என்பதை விடுத்து, “இதனை எவ்வாறு செய்தாய்?” என்று பெற்றோர் கேட்கட்டும். அவ்வினாவுக்குப் பிள்ளை கண்மலர்ந்து விடைகூறுமாயின், படைப்பாற்றலின் வித்து அங்கே முளைத்துவிட்டது என்று துணியலாம்.