புதன்கிழமைத் தடுப்பூசி

பிறந்த நாட்டினால் நாம் அடைந்த நன்மைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேச எவ்வளவோ இருக்கிறது. நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கையால் நானே கொண்டுபோய்க் கொடுத்த நன்மை ஒன்று உண்டு, அதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருந்துப் பெட்டியை எடுப்பேன். அதற்குள் நான்கு ஐஸ் பேக் வைக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே வைத்துவிட முடியாது. கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காதருகே ஆட்டிப் பார்ப்போம். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். ஏன் என்கிறீர்களா? சில தடுப்பு மருந்துகள் உறைந்துபோனால் பலன் போய்விடும். சூடு பட்டாலும் கெட்டுவிடும். புட்டியின் மேல் ஒரு வட்டம் இருக்கும், அதற்குள் வெளிறிய சதுரம் ஒன்று. சூடு ஏற ஏறச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்த மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

2 முதல் 8 டிகிரி வரையிலான அந்தக் குளிர், மருந்து தயாரான இடத்திலிருந்து பென்னாகரம் பக்கத்து மலையடிவார அங்கன்வாடி வரை அறுபடாமல் வந்து சேர வேண்டும். கரண்ட் போகிற ஊர், பஸ் வராத ஊர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த நாடு இதைச் செய்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைந்துபோகும்.

யாரிடமும் காசு கேட்டதில்லை. ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் அதே புட்டிதான். ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டதில்லை.

ஒரு வீட்டில் பாட்டி ஒருவர். மருமகள் ஊசிக்குத் தயங்கினாள், காய்ச்சல் வருமே என்று. பாட்டி பேரனை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "குத்தும்மா, அழுதா அழட்டும்" என்றார். அவருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் ரண ஜன்னியில் போனவை. பிறந்து ஏழெட்டு நாளில் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து உயிர் போகும் நோய் அது. "எங்க காலத்துல பேரு வைக்கவே பயப்படுவோம்" என்றார் அந்தப் பாட்டி. கர்ப்பிணிகளுக்குப் போட்ட ஊசியாலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும் அந்த நோய் அடங்கிப்போனது. தாயையும் சிசுவையும் தாக்கும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் அறிவித்தார்கள். அன்றைக்கு எனக்கு அந்தப் பாட்டியின் மடிதான் நினைவுக்கு வந்தது.

இளம்பிள்ளைவாதத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் நாடு முழுக்கத் தொடங்கின. அதற்குப் பிறகும் 2009-இல் 741 பிள்ளைகளுக்கு நோய் கண்டது. கடைசியாக 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று கொடுத்தது.

பாகிஸ்தானில் இன்னும் அந்த நோய் போகவில்லை. சொட்டு மருந்து கொடுக்கப் போகும் பெண்களுக்கு அங்கே போலீஸ் காவல் போகிறது. அப்படியும் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் என்னைப் போலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்தானே! நான் ஒற்றையாகக் காட்டுப் பாதையில் நடந்திருக்கிறேன். போன வீட்டில் மோர் கொடுத்தார்கள். நாய் குரைத்தால், "நர்சம்மா, அங்கியே நில்லுங்க" என்று ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். பயமில்லாமல் வேலை செய்ய முடிந்ததே, அதுவும் என் நாடு எனக்குக் கொடுத்ததுதான்.

தட்டம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான் எல்லாவற்றையும் சொல்ல ஆசை, நேரம் நெருங்கிவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயது ஊசி, 5 வயது ஊசி, 10, 16 வயதில் போடுவது, இவற்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். விட்டுப்போயிருந்தால் வருகிற புதன்கிழமை அழைத்துக்கொண்டு போங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் தயங்க வேண்டாம். நர்சம்மா புது அட்டை எழுதிக் கொடுப்பார்.