சொல்வதெழுதுதலும் நம் பிள்ளைகளும்



பள்ளியில் நாம் நடத்தும் சொல்வதெழுதுதல் சிறு பயிற்சியே. ஆயினும், சொற்களைப் பிழையறக் கூறும் போட்டிக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு வேர் நம் சென்னையிலேயே உள்ளது.

1789இல் எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் பாதிரியார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்ற மாணவன் மற்றவனுக்குக் கற்பித்தான். பிழை செய்தவன் வரிசையில் கீழிறங்க, திருத்தியவன் மேலேறினான். 1797இல் இலண்டனில் நூலாக வெளிவந்த இது, ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் பல நாடுகளில் பரவிற்று. கடல் கடந்த அம்முறை சேரியை எட்டவில்லை. அது பிறந்த திண்ணையில் நம் முன்னோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1908இல் கிளீவ்லாந்து நகரில் பல நகரங்களின் பள்ளி அணிகள் எழுத்துப் போட்டியில் மோதின. மேரி போல்டன் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுமி, அஞ்சற்காரர் ஒருவரின் மகள், ஒரு பிழையுமின்றி வென்றாள். அவளோடு போட்டியிட நியூ ஆர்லியன்ஸ் அணியினர் மறுப்புத் தெரிவித்தும், கிளீவ்லாந்துக் கல்வி அதிகாரிகள் அவளை விலக்கவில்லை.

1925இல் தேசியப் போட்டி தொடங்கிற்று. 1936இல் ஆக்ரன் நகரின் 13 வயது மக்னோலியா காக்ஸ் அதன் இறுதிச் சுற்றுக்கு வாஷிங்டன் சென்றாள். வழியில் கறுப்பருக்கான தனி இரயில் பெட்டிக்கு மாற்றப்பட்டாள். மற்றப் பிள்ளைகள் தங்கிய விடுதியிலும் அவளுக்கு இடமில்லை. இத்தனைக்கும் இடையே இறுதி ஐவருள் ஒருத்தியாய் நின்றாள். பின்னரோ, கல்லூரிக்குச் செல்ல வழியின்றி வீட்டு வேலை செய்தே வாழ்ந்தாள். அப்போட்டியில் அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளை ஒருத்தி, சைலா அவன்ட்கார்ட், முதன்முதலாக வென்றது 2021இல்தான்.

இளைஞர்களே, மேரிக்குத் துணையாய் ஓர் ஊர் நின்றது. மக்னோலியாவுக்கு மேற்படிப்புக்குத் துணை நிற்பாரில்லை. அறிவில் இருவரும் ஒருவருக்கொருவர் குறைந்தவரல்லர். ஆகவே, பரிசளித்துக் கைதட்டுவதோடு நம் கழகத்தின் கடமை முடிந்துவிடாது.

மறைமலையடிகளின் பெயர் தாங்கிய இவ்வூரில், நம் பிள்ளைகளின் லகர, ளகர, ழகரங்களைக் கேட்டு நகைப்போர் இன்றும் உளர். நகைப்புக்கு விடை பயிற்சியே. படித்த இளைஞர் ஒவ்வொருவரும் ஞாயிறுதோறும் ஐந்து பிள்ளைகளை அமர்த்திச் சொல்வதெழுதுதல் நடத்துங்கள். அவர்களுள் ஒருவரேனும் பணமின்றிப் படிப்பை நிறுத்தாதபடி கழகம் காக்கட்டும்.