வாசாக் கப்பலின் மாதிரி உருவம்

சிறுவர் குளத்தில் மிதக்கவிட்டு விளையாடும் மரக்கப்பலும் ஒரு மாதிரி உருவந்தான். அருங்காட்சியகத்தில் அறிஞரும் தச்சரும் கூடிச் செய்துவைத்த கப்பலும் ஒரு மாதிரி உருவந்தான். இரண்டிற்கும் வேறுபாடு யாது? முன்னது கப்பலைப் போலத் தோன்றினால் போதும். பின்னதன் ஒவ்வோர் ஆணியும் ஒவ்வொரு கயிறும், ‘இஃது இவ்வாறுதான் இருந்தது’ என்று சாட்சி சொல்லுகின்றது. சாட்சி பொய்யாகுமாயின் அழகினால் பயன் என்ன? மாணவ நண்பர்களே, இதனைச் சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல் ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

மன்னர் குஸ்தாவ் அடால்பின் ஆணையால் ஸ்டாக்ஹோம் நகரில் கட்டப்பெற்ற ‘வாசா’ என்னும் கப்பல், 1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. மூன்று பாய்மரங்களும் 64 பீரங்கிகளும் உடைய பெருங்கலம் அது. முன்புறம் நீண்டிருந்த மரத்தையும் சேர்த்தால் நீளம் 69 மீட்டர். ஆயின், அது சென்ற தொலைவு ஏறத்தாழ 1,300 மீட்டரே. காற்றுச் சற்று வலித்து வீசியது; கப்பல் சாய்ந்தது; திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கி வாயில்களின் வழியே நீர் புகுந்தது. கரையில் நின்றோர் காணக் காணக் கலம் மூழ்கிற்று. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். கப்பலின் மேற்பகுதி அளவுக்கு மிஞ்சிய பாரமுடையதாய் இருந்ததே காரணம். பயணத்திற்கு முன்னரே 30 பேரைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஓடச்செய்து சோதித்தார்கள். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் அஞ்சத்தக்கவாறு ஆடியது. சோதனையை நிறுத்தினார்களேயன்றிப் பயணத்தை நிறுத்தினார்கள் இல்லை.

பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு வாழ்வதில்லை. ஆகவே, கலத்தின் மரம் பெரும்பாலும் அழியாது கிடந்தது. 1956ஆம் ஆண்டில் ஆண்டெர்ஸ் பிரான்சேன் என்பவர் அதனைக் கண்டுபிடித்தார். 333 ஆண்டுகள் நீருள் இருந்த கப்பல், 1961ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் நீர்மட்டத்திற்கு மேல் வந்தது. அதற்கெனக் கட்டிய அருங்காட்சியகம் 1990இல் திறக்கப்பெற்றது.

உண்மைக் கப்பலே கண்முன் நிற்க, மாதிரி உருவம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். நிற்பது கப்பலே; எனினும் அதன் வண்ணம் போய்விட்டது. பாய்களும் விரிந்து நிற்கவில்லை. அன்று கரையில் நின்றோர் கண்ட காட்சியை, அருகே பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்துள்ள மாதிரி உருவமே காட்டுகின்றது. அதுவே ஏறத்தாழ 7 மீட்டர் நீளம் உடையது.

பத்தில் ஒரு பங்காகக் குறைப்பது எளிய கணக்கன்று. நீளம் பத்தில் ஒன்றாகும்போது, பாயின் பரப்பு நூற்றில் ஒன்றாகிறது. எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிறது. 1,200 டன் எடையுள்ள வாசாவை எல்லா வகையிலும் ஒத்த மாதிரி உருவம் 1.2 டன் எடை இருத்தல் வேண்டும். பத்துச் சென்டிமீட்டர் பருமனுள்ள கயிறு, மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் ஆகவேண்டும். கடையில் கிடைக்கும் கயிற்றைக் கட்டிவிட்டால் அளவு பொய்த்துவிடும். ஆதலின், பருமனுக்கேற்ப ஒவ்வொரு வகைக் கயிற்றையும் தனித்தனியே முறுக்க வேண்டியிருக்கிறது. பாய்த்துணியின் இழையும் அவ்வாறே. கப்பலின் பத்துப் பாய்களுள் ஆறு, அறையொன்றில் வைத்தபடியே கிடைத்தன. எஞ்சியவற்றை அவற்றைக் கொண்டே உய்த்துணர வேண்டும்.

இனி, வண்ணத்தின் கதையைக் கேளுங்கள். கப்பலில் நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள் இருந்தன. பின்புறப் பலகையின் நிறம் நீலம் என்றும், சிற்பங்கள் யாவும் பொன் பூசியவை என்றும் நெடுநாள் நம்பினார்கள்; ஓவியர்களும் அவ்வாறே தீட்டினார்கள். நீலமும் பொன்னும் அரசர்க்குரிய எழிலான சேர்க்கையே. ஆனால், மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. பின்புறத்தின் நிறம் சிவப்பு. சிற்பங்கள் பல வண்ணம் பூண்டவை. பொன் சில இடங்களில் மட்டுமே. 1990களின் பிற்பகுதியில் பழைய கருத்துக் கைவிடப்பட்டது. மாதிரி உருவம் இன்று அந்தச் சிவப்பைத் தாங்கியே நிற்கிறது. கண்ணுக்கு இனிய நீலத்தைத் துகளளவு சான்று வென்றுவிட்டது.

மற்றொரு செய்தியும் உண்டு. மூழ்கிய கப்பலில் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டில் ஓர் அடிக்கு 12 அங்குலம். அது சுவீடன் நாட்டு அளவு. மற்ற இரண்டில் ஓர் அடிக்கு 11 அங்குலம். அஃது ஆம்ஸ்டர்டாம் நகர அளவு. கப்பலை நுட்பமாக அளந்தபோது இடப்புறமும் வலப்புறமும் முற்றும் ஒத்திருக்கவில்லை என்பதும் தெரிந்தது. இதனை மாதிரியாகச் செய்யப் புகுபவன் என் செய்வான்? இருபுறமும் ஒத்த அழகிய வடிவைச் செதுக்குவானா? தச்சர்கள் செய்தபடியே கோணலையும் செதுக்குவானா? கோணலைத் திருத்திவிட்டால், இருவகை அடிகொண்டு அளந்த மனிதர்களின் கதையே மறைந்துவிடும். மாதிரி உருவம் முன்னோரின் திறமையை மட்டுமன்றி, அவர்கள் தவறியதையும் காட்டக் கடமைப்பட்டது.

மாணவர்களே, நீங்களும் மாதிரி உருவங்கள் செய்தல் நன்று. கப்பலாயினும் கோயிலாயினும் பாலமாயினும், உளியை எடுக்குமுன் ஒரு குறிப்பேட்டை எடுங்கள். இன்ன பகுதி அளந்து அறிந்தது, இன்ன பகுதி ஊகித்தது என்று பிரித்து எழுதுங்கள். காட்சிக்கு வைக்கும்போது அக்குறிப்பையும் அருகே வையுங்கள். காண்போர் எதனை நம்பலாம், எதனை மேலும் ஆராயலாம் என்று அறிந்துகொள்வர். பின்னொரு நாள் புதிய சான்று கிடைக்குமாயின், தயங்காமல் பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிய வண்ணத்தைப் பூசுங்கள்.