தேசப்படத்தில் நம் மலை



முதலாண்டில் நாங்கள் பயிலும் உலகப் பிரதேசப் புவியியல், பூமியைப் பெரும் பிரதேசங்களாக வகுக்கிறது. இந்தியாவும் இலங்கையும் தெற்காசியா என்னும் ஒரே பிரதேசமாம். உண்மைதான், கேரளத்தை நனைக்கும் தென்மேல் பருவக்காற்றே பொகவந்தலாவைக் கொழுந்தையும் நனைக்கிறது. காற்றைப் பிரிக்க இயலாது. ஆட்களையோ 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் பிரித்தது! இந்தியாவுக்கு 5,25,000 பேர். இங்கே பிரஜாவுரிமைக்கு 3,00,000 பேர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்து உறவினர் இரு தேசத்தாராயினர். இதை எங்கள் பாடக்குறிப்பில் காணோம். தேயிலை ஏற்றுமதி மாத்திரம் இருக்கிறது.

ஆகவே சங்கத்துத் தேசப்படத்தில், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நம் முன்னோர் நடந்த வழியை மையால் கீறியுள்ளோம். வழியில் அவர்கள் தங்கிய இடங்களைப் பாட்டன்மார் சொல்லக் கேட்ட பெரியோர்கள் எங்களுக்குத் தெரிவித்தால், அவற்றையும் குறித்துக்கொள்வோம்.