வலிக்காத காலைப் பாருங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாளெல்லாம் நின்றே பாடம் நடத்துபவர்கள் நாம். சர்க்கரை அளவைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசுகிறோம். பாதங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது, "வலி நமக்கு நண்பனா, பகைவனா?" என்று கேட்டேன். "பகைவன்" என்றார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "டீச்சர், எங்க தாத்தா கால்ல முள்ளு குத்துனதே அவருக்குத் தெரியல. அப்புறம் விரலையே எடுத்துட்டாங்க" என்றாள். வகுப்பே அமைதியானது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதாகும். மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. எனவே பாதிப்பு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் எரிச்சல், மதமதப்பு. பிறகு உணர்வே இருக்காது. "எரிச்சல் நின்றுவிட்டது, குணமாகிவிட்டது" என்று நினைத்துவிடக் கூடாது. இரத்தக் குழாய்களும் குறுகினால் புண்ணுக்குப் போதிய இரத்தம் கிடைக்காது; ஆறத் தாமதமாகும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி குறைகிறதா? அது இரத்த ஓட்டக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். புகைபிடித்தல் இதை மோசமாக்கும்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளிடம் கண்ட உண்மை இது: வலி தெரியாததால் கவனிக்கப்படாத காயங்களே கை கால்களைச் சிதைக்கின்றன. நீரிழிவுப் பாதத்துக்கும் இதுவே பொருந்தும்.

நரம்பு சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். தினமும் இரவு பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பையோ ஷூவையோ உதறிப் போடுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள். சிறு கொப்புளமானாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பாதத்தின் உணர்வையும் நாடித்துடிப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.

நீரிழிவு உள்ள தாத்தா பாட்டியின் பாதங்களைத் தினமும் பார்க்கும் வேலையை என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வகுப்பிலும் கொடுங்கள். முதலில் இன்றிரவு உங்கள் பாதங்களைப் பாருங்கள்.