கட்டைவிரலில் ஒரு சிவப்பு வெளிச்சம்



சுங்கை பூலோவில் ஒரு வீடு. கடும் நோயோடு ஒரு பிள்ளை. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்குகிறது. அம்மா முதலில் பார்ப்பது காலைத்தான். கட்டைவிரலில் பிளாஸ்திரி மாதிரி ஒரு பட்டை, அதில் சிவப்பு வெளிச்சம். விரலை ஊடுருவி வரும் ஒளியை வைத்தே ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவென்று சொல்லிவிடும். 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட வழி இது. ஆனால் கால் சில்லிட்டிருந்தாலோ, பிள்ளை உதைத்துக்கொண்டாலோ எண் பொய் சொல்லும். பாதத்தைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது கைப்பேசி. பிள்ளை மூச்சு வாங்குவதை அரை நிமிடம் படம்பிடித்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதிக்கு அனுப்பினால், விலா உள்ளே இழுப்பதை அவர் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார். பதறும் தாயிடம் வர்ணனை கேட்டால் வருமா, சொல்லுங்கள்!

கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் ஹோஸ்பிஸ் மலேசியா என்ற அமைப்பு இப்படிக் கடும் நோயுள்ளவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கிறது, கட்டணம் வாங்காமல். பிள்ளைகளையும்தான்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. பிள்ளைக்காகக் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் இயந்திரம் மின்சாரம் போனால் நின்றுவிடும். அதனால்தான் கட்டிலோரம் ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் நிற்கிறது, திறக்கும் சாவி அதன் கழுத்திலேயே கயிற்றில் தொங்க.