கட்டட விபத்தும் உழைப்பாளியின் உரிமையும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஆலயம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதற்குப் பொருளுதவி செய்தவர்களின் பெயர்களை முகப்புக் கல்வெட்டில் காண்கிறோம். சாரத்தின் மேல் நின்று அந்தக் கோபுரத்தை எழுப்பிய கொத்தனார்களின் பெயர்களோ, தலையில் கலவை சுமந்த சித்தாள்களின் பெயர்களோ எங்கும் காணோம். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் கொத்தனார், கம்பி கட்டுவோர், சென்ட்ரிங் அடிப்போர், சித்தாள்கள் இல்லாத தெரு நம் பங்கில் இல்லை. ஆகவே பொன்விழா ஆண்டில் நடைபெறும் இக்கூட்டத்தில், அவர்களுடைய உயிரையும் குடும்பத்தையும் பற்றிய ஒரு காரியத்தைப் பேச விரும்புகிறோம். கட்டட வேலையில் விபத்து நேர்ந்தால் அத்தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் சட்டம் என்ன தருகிறது, அதை எவ்விதம் பெறுவது என்பதே அது.

2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சென்னைக்கு அருகே மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து 61 பேர் மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அறுபத்தொரு பேர் ஒரே நாளில் இறந்தபடியால் நாடே பேசிற்று. ஆனால் சாரக்கட்டை முறிந்து ஒருவர், மூடாத லிப்ட் குழியில் ஒருவர், வானம் தோண்டுகையில் மண் சரிந்து ஒருவர், தூக்கிய கம்பி மின்சாரக் கம்பியில் பட்டு ஒருவர் என்று தனித்தனியே மாள்கிறவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? செய்தித்தாளில் நான்கு வரி வந்தால் அதிகம்.

இப்படி ஒருவர் இறந்தால் நம்மவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை என்ன? "விதி முடிந்தது" என்கிறோம். இன்னும் சிலர், "என்ன பாவம் செய்தானோ" என்றும் சொல்லத் துணிகிறார்கள். நம் ஆண்டவர் காலத்திலேயே சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று ஆண்டவர் கேட்டார். இல்லை என்று அவரே விடையும் சொன்னார். லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரத்தில் இதைக் காணலாம். எனவே மாண்டவன் தலையில் பழியைப் போட நமக்கு உரிமையில்லை. பழைய ஏற்பாட்டில் இணைச்சட்ட நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியில் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும். வைக்காமல் ஒருவன் அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. கட்டுகிறவனே காவலுக்கும் பொறுப்பாளி என்னும் நீதி அவ்வளவு பழமையானது.

நம் நாட்டில் இந்த நீதி 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக வந்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்தால், முதலாளியின் தவறு என்று மெய்ப்பிக்க வேண்டிய அவசியமின்றி, அவர் இழப்பீடு கொடுத்தாக வேண்டும். இது தருமம் அன்று. கூலியைப் போலவே கொடுக்கவேண்டிய கடன்.

இந்தக் கடன் எப்படி வசூலாகாமல் போகிறது என்பதற்கு நம் பங்கிலேயே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாற்பது வயதான கொத்தனார் ஒருவர் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். உடல் இன்னும் பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறது. அதற்குள் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒன்றரை இலட்சம் ரூபாயோடும் முத்திரைத்தாளோடும் வீட்டுக்கு வந்துவிட்டார். "போன உயிர் வரவா போகிறது? வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு" என்று உறவினரே சொன்னார்கள். அந்தத் தாய் நம்மிடம் வந்து, "சாமி, வாங்கலாமா?" என்று கேட்டார். "அம்மா, அடக்கச் செலவுக்கு அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். வேறெந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்" என்றோம்.

பிறகு ஒப்பந்தக்காரர், "அவன் என்னிடம் வேலை செய்யவே இல்லை" என்று சாதித்தார். காப்பாற்றியவை இரண்டு. இறந்தவர் தாம் வேலை செய்த நாட்களையும் வாங்கிய கூலியையும் மகளின் பழைய பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார், அது ஒன்று. அவரோடு வேலை பார்த்த இருவர் சாட்சி சொன்னார்கள், அது மற்றொன்று. சாட்சி சொன்னதற்காக அவ்விருவருக்கும் அந்த மேஸ்திரியிடம் வேலை போயிற்று. ஆனால் அக்குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய் தீர்ப்பாயிற்று.

அந்தக் கணக்கு எப்படி வந்தது? மரணத்துக்கு மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று சட்ட அட்டவணை கூறும் எண்ணால் பெருக்க வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளத்தக்க உச்ச மாதக் கூலி 15,000 ரூபாய். அதில் பாதி 7,500. நாற்பது வயதுக்குரிய எண் 184.17. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். முப்பது வயதானவருக்கு எண் 207.98. இளைஞன் உழைத்திருக்கக்கூடிய ஆண்டுகள் அதிகமாதலால் எண்ணும் அதிகம்.

உயிர் தப்பி, இனி எந்த வேலையும் செய்ய முடியாதபடி முடமானால், பாதிக்குப் பதில் நூற்றுக்கு அறுபது என்று கணக்கிட வேண்டும். ஓர் உறுப்பு மட்டும் போனால் அதற்கெனச் சட்டம் விழுக்காடு குறித்திருக்கிறது. கைக் கட்டைவிரல் போனால் நூற்றுக்கு 30. முப்பது வயதுக் கொத்தனாருக்கு, 15,000 ரூபாய்க் கூலியில், அது 5,61,546 ரூபாய் ஆகிறது. ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு விரலை விற்றுவிட்டு வந்தவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எலும்பு முறிந்து சில மாதம் படுத்திருந்தால், பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால் பங்கு தர வேண்டும். ஐந்தாண்டு வரை இது உண்டு. மருத்துவத்துக்கு ஆன உண்மைச் செலவும் முதலாளியைச் சேர்ந்ததே.

இனி, நம்மவர்கள் கேட்கும் சில ஐயங்களுக்கு விடை கூறுவோம்.

முதலாவது, "மேஸ்திரியிடம் ஒன்றுமில்லை, யாரிடம் கேட்பது?" என்கிறார்கள். கட்டடத் தொழில் நடத்தும் நிறுவனம் தன் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால், அந்த நிறுவனத்திடமே கேட்கலாம். அது கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, "குடித்திருந்தான், தலைக்கவசம் போடவில்லை, அதனால் ஒன்றும் கிடையாது" என்று மிரட்டுவார்கள். மரணமோ, முழுமையான நிரந்தர முடமோ நேர்ந்திருந்தால் இந்தச் சாக்குகள் செல்லாது. அவற்றினும் குறைந்த காயங்களுக்கே அவை தடையாகும். குடிக்கு இது அனுமதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போதையோடு சாரம் ஏறுகிறவன் கீழே நிற்கிறவனையும் சேர்த்துக் கொல்லுகிறான்.

மூன்றாவது, "கையெழுத்துப் போட்டுவிட்டோமே" என்று கலங்குகிறார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ எழுதிய ஒப்பந்தம் செல்லாது. மரணத்தில் இழப்பீட்டுப் பணம் அதிகாரியிடம் கட்டப்பட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரே கொடுத்தது, மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணமாகக் கழியுமேயன்றி, இழப்பீடு கொடுத்ததாகாது.

நான்காவது, காலம். விபத்து நடந்த நாளிலிருந்து, அல்லது இறந்த நாளிலிருந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ விபத்து நடந்திருந்தாலும், குடும்பம் வாழும் ஊருக்குரிய அதிகாரியிடமே மனுக் கொடுக்கலாம். நம் ஊரில் வேலை செய்து மாளும் ஒடிசாக்காரரின் மனைவிக்கும் அவளது ஊரில் இதே உரிமை உண்டு. அவர்களை "வடக்கத்தியான்" என்று ஒதுக்காமல் இதைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. உரிய காலத்தில் கொடுக்காத முதலாளி வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் இழப்பீட்டில் பாதி வரை தண்டமும் சேர்த்துக் கொடுக்க நேரிடும்.

ஐந்தாவது, காவல் நிலைய வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு. முதல் தகவல் அறிக்கை போட்டுவிட்டால் பணம் தானே வரும் என்று காத்திருந்து இரண்டாண்டைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. நிறுவனம் ஈ.எஸ்.ஐ. கட்டியிருந்தால் உதவி அக்கழகத்திலிருந்து வரும். அப்போது முதலாளியிடம் தனியே கேட்க இயலாது. நம் மாநிலத்தில் 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவியோ இதற்கு மேற்பட்டது. அட்டை இல்லாதவருக்கும் இழப்பீட்டு உரிமை உண்டு. ஆயினும் அட்டை இல்லாத தொழிலாளி ஒருவரும் நம் பங்கில் இருக்கலாகாது.

விபத்து நடந்தால் செய்யவேண்டியவை இவை: உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து, "கட்டட வேலையில் விழுந்தார்" என்று உண்மையை விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். "வீட்டுப் படியில் வழுக்கினார்" என்று எழுத விடாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். விழுந்த இடத்தைக் கைபேசியில் படம் எடுங்கள். உடன் வேலை செய்தோரின் பெயரைக் குறியுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவச் சீட்டுகள், கூலி வந்ததற்கான வங்கிப் பதிவு ஆகியவற்றை ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். முதலாளிக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள். பின்னர் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலும் வழி சொல்லுவார்கள். இழப்பீட்டில் பங்கு கேட்கும் தரகர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

வீடு கட்டும் வசதியுள்ள பங்கு மக்களுக்கும் ஒரு சொல். நேரே ஆள் வைத்து நாட்கூலி கொடுத்துக் கட்டுகிறவர் அந்த ஆட்களுக்கு முதலாளியாகிறார். சதுரத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசும்போதே, நல்ல சாரம், இடுப்புக் கயிறு, தொழிலாளர் காப்பீடு ஆகியவற்றையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தளம் போடும் நாளில் கிடா வெட்டி விருந்து வைக்க மறவாத நாம், சென்ட்ரிங் முட்டுகள் ஊன்றியிருக்கின்றனவா என்று பார்க்க மறக்கலாமா? நம் பொன்விழா மண்டபத்துக்கும் இதே நிபந்தனைகளை எழுதியே ஒப்பந்தம் செய்திருக்கிறோம். காப்பீட்டுத் தாளைக் கண்ணால் கண்ட பிறகே கடைக்கால் தோண்ட அனுமதித்தோம். அதனால் வேலை மூன்று வாரம் தாமதமாயிற்று என்று சிலர் குறைப்பட்டார்கள். தாமதமான மண்டபத்தைத் திறந்துவிடலாம். இழந்த உயிரை யார் தருவார்?

இறுதியாக ஒன்று வேண்டுகிறோம். சட்டம் எவ்வளவு நல்லதாயினும், "ஆம், இவர் எங்களோடுதான் வேலை செய்தார்" என்று சொல்ல ஒருவர் முன்வராவிடில் அது ஏட்டோடு நின்றுவிடும். சாட்சி சொல்பவருக்கு வேலை போகும் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறோம். ஆகையால் அப்படி வேலை இழப்பவரின் வீட்டு அடுப்பு அணையாமல் பார்ப்பது பங்கின் பொறுப்பு. நம் வின்சென்ட் தெ பால் சபையார் இதற்கென்று ஒரு நிதி தொடங்க இசைந்துள்ளார்கள். பொன்விழாக் காணிக்கையில் ஒரு பகுதியை நாம் அதற்கு ஒதுக்குகிறோம். ஒவ்வொரு அன்பியமும் தன் பங்கைச் சேர்க்கட்டும். விபத்து நடந்த வீட்டுக்கு முத்திரைத்தாள் போய்ச் சேருமுன் நம்மவர் ஒருவர் அங்கே போய்ச் சேரட்டும்.

உழைத்து உண்ட தச்சரான புனித சூசையப்பர் உங்கள் அனைவரையும் காப்பாராக.